காதர் செய்யாத தவறு

காதரின் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தியவள் நான் என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்ன, எங்களோடு வேலை பார்த்த பழைய ஊழியரும் அதையே சொன்னார். அப்போதும் நான் மறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காக்களூரில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சான்றிதழ் தயாரிப்பது என் வேலை. கணவர் இறந்தபின் சேர்ந்தேன். என் மேசையிலிருந்து பிழையோடு ஒரு தாளும் போனதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் காதர், பழவேற்காட்டுக்காரர். எங்கள் கணினிகளில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். ஒருமுறை வால்வு அளவுகள் மாறின. அளவெடுக்கும் புரோகிராம் புதிய அளவுப் பட்டியலைக் காட்டும். சான்றிதழ் புரோகிராம் பழையதைக் காட்டும்.

“ஊட்டுக்கு ஒரு கடியாரம் போதும் மேடம். ரூமுக்கு ஒண்ணு மாட்டுனா ஒண்ணொண்ணும் ஒரு டைம் சொல்லும்” என்றார் காதர். புதிய பட்டியல் இருக்கும் இடத்தை, எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவான குறிப்பாக, என்விரான்மென்ட் வேரியபிளாக, ஒரே கோப்பில் எழுதி வைத்தார். நாம் லாக் இன் செய்து உள்ளே நுழையும்போது கணினி அதைப் படித்து, எல்லாப் புரோகிராமுக்கும் தெரிவித்துவிடும்.

“ஒரு தபா லாக் அவுட் பண்ணிட்டு உள்ள வாங்க. இல்லாங்காட்டி ஐகானைத் தட்டுனா பழசுதான் வரும். பேஜாராயிடும்.”

“எனக்குச் சொல்லித்தர வேண்டாம், காதர்.”

“உங்களுக்கா சொன்னேன்? கம்ப்யூட்டருக்குச் சொன்னேன் மேடம்.” சிரித்துக்கொண்டே அதைச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார்.

நான் லாக் அவுட் செய்யவில்லை. பாதி முடிந்த சான்றிதழ்களைத் திரையில் நான் அடுக்கிய வரிசையில் திறந்து வைத்திருப்பேன். லாக் அவுட் செய்தால் எல்லாம் மூடிவிடும்; அதைக் கலைக்க மனம் வராது. மாலையில் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போவேன். நான்கு நாள் சான்றிதழ்கள் பழைய அளவோடு போயின. சரக்கு திரும்பி வந்தது.

“இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?” என்று முதலாளி அவரிடம் கத்தினார்.

காதர் என் பக்கம் திரும்பினார். “லாக் அவுட் பண்ணீங்க இல்ல மேடம்?”

“செய்தேன்” என்றேன். முதலாளி வருமுன்பே சீட்டை உரித்துக் கைப்பையில் போட்டிருந்தேன். மானிட்டரில் பசைத்தடம் மட்டும் இருந்தது. காதர் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

“நாந்தான் இன்னொரு வாட்டி பாத்திருக்கணும் சார்.”

அன்று மாலை லாக் அவுட் செய்தேன். மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. ‘மேடம் சரி பண்ணிட்டாங்க’ என்றார்கள். மாதக் கடைசியில் காதரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் கும்மிடிப்பூண்டியில் வேறு வேலைக்குப் போனார்.

இன்றும் வீட்டுக் கணினியை விட்டு எழும்போது, காதர் பின்னால் நின்று அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்கிறார். ஒவ்வொரு நாளும் பதில் சொல்கிறேன். அவர் போவதில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு: காக்களூரை விட்டு வந்ததற்கு அவர் உங்களிடம் என்ன காரணம் சொன்னார்? என் பெயரைச் சொன்னாரா? தொலைபேசியில் வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.