ஆணி அடித்த பெட்டியும் அக்காவும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், மறதியும் உண்டு. அக்காவின் முதல் வருஷ நினைவுக்கு வந்திருக்கிற சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இந்த மராட்டிச் சீமையில், கிர்கியில். அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அம்மா சீக்கிரம் தவறிவிட்டதால் அக்காதான் என்னை வளர்த்தார்கள். நர்ஸ் படிப்பும் படித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றித்தான் வருவார்கள். வந்தும் கையைத் தேய்த்துக் கழுவாமல் என் பிள்ளையைத் தூக்கமாட்டார்கள்.

"ஒங்க அக்கா வந்தா மீன் கொழம்பும் பினாயிலாட்டம் மணக்கு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"அப்படியும் ரெண்டாந்தடவ வாங்கித்தான சாப்பிட்டீங்க?" என்பார்கள் அக்கா.

பெரியம்மை நாட்டைவிட்டுப் போவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். லாரியோடு வடக்கே போய்வந்த என் வீட்டுக்காரருக்கு அது கண்டுவிட்டது. அக்காவின் வார்டிலேயே சேர்த்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அம்மை குத்தி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். அக்கா தினமும் தெருவின் எதிர்ப்பக்கம் குழாயடியில் நின்று சேதி சொல்வார்கள். "நான் பினாயில்ல ஞானஸ்நானம் குடுக்கேனாம், ஒன் வீட்டுக்காரரு சொல்லுதாரு" என்று ஒருநாள் சத்தமாகச் சொன்னார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருநாள் குழாயடியில் நின்று பேசாமலே அழுதார்கள். எனக்கு விளங்கிவிட்டது.

பெட்டியை ஆணியடித்தே கொண்டுவந்தார்கள். மூடுமுன் எல்லோரும் நெற்றியில் முத்தி முத்தம் கொடுப்பது நம் வழக்கம் அல்லவா. கல்லறைத் தோட்டத்தில் மாமியார் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அக்கா குறுக்கே போய் நின்றார்கள்.

"பெத்தவ முத்தக்கூட விடமாட்டியா? நீ மனுசிதானா?"

"நீங்க முத்தினா நோய் பேரனுக்கும் வரும் அத்தை. என்னைய அடிங்க. தெறக்க விடமாட்டேன்."

அடித்தார்கள். அக்கா நகரவில்லை. எனக்கும் திறந்து பார்க்கத்தான் ஆசை.

அன்றிலிருந்து மாமியார், "ஆள் மாறியிருக்கும், எம்பிள்ள வருவான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லறையில் அவர் பேரை வெட்ட விடவில்லை. அக்கா முகத்தில் விழிக்கவும் மாட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் பல வருஷம் கிடந்தேன்.

எண்பதுகளில் மாமியார் படுக்கையில் விழுந்தபோது அக்காதான் லீவு போட்டு வந்து பார்த்தார்கள். ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது மாமியார் கேட்டார்கள்:

"பெட்டியில கெடந்தது அவந்தானா? வேதத்து மேல கைவச்சுச் சொல்லு."

அக்கா துணியைப் பிழிந்து வைத்தார்கள். "மொகத்துல அடையாளமே இல்ல அத்தை, பூராவும் கொப்புளம். கடைசியில ரொம்ப அழுதாரு. 'அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அதான் இத்தன வருசமும் சொல்லல."

மாமியார் முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்கள்.

"சின்னதுலருந்தே எனக்குத் தெரியாமத்தான் அழுவான். மொகத்தக் கழுவிட்டு வந்து சிரிப்பான்" என்றார்கள். "அவந்தான்."

அதற்குப் பிறகுதான் அழுதார்கள். நானும் அன்றைக்குத்தான் அழுது தீர்த்தேன். அந்த மாதமே கல்லில் பேர் வெட்டினோம்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட என் மகனுக்கும் மருமகளுக்கும், மூச்சுத் திணறியபோதெல்லாம் ரிக்‌ஷா பிடித்து ஓடிவந்த பக்கத்து வீட்டு மராட்டிக் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த சபை மக்களுக்கும் எங்கள் நன்றி.

என் வீட்டுக்காரர் கல்லில் வருஷம் மழையில் மங்கிவிட்டது. சபைப் பதிவில் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் வேறு பிழை இருந்தாலும் திருத்துங்கள். இதையெல்லாம் முன்பு நான் அக்காவிடம்தான் கேட்டுக்கொள்வேன்.