எழுபது வளைவும் வெறும் வயிறும்

முதலில் போனது பசிதான். அது போனதற்கு நான் வருத்தப்படவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் (இங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். வீடு மலைக்குக் கீழே, சேந்தமங்கலம் பக்கம். தினமும் காலையில் காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வேலைக்குப் போகவேண்டும். எங்கள் பஸ்ஸில் வரும் ஆசிரியர், நர்ஸ், ஆபீஸ்காரர் எல்லோருக்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மலை ஏறும் முன் எதையும் வாயில் வைக்கக்கூடாது. சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர் இருபதாவது வளைவுக்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். இறங்கும்போதும் அப்படியே. மதியம் அவசரமாய் ஒரு வேளை, வீடு திரும்பியதும் வயிறு முட்ட ஒரு வேளை. பதினொரு வருஷம் இப்படியே ஓடியது.

"சாப்பிட்டுட்டுப் போடுங்க, வெறும் வயித்துல போட்றாதீங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிற நான், பஸ் குலுக்கலில் வரும் கழுத்து வலிக்கு வெறும் வயிற்றில்தான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி.

பசி போன பிறகு நெஞ்சுக்குக் கீழே எரிச்சல் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்கொண்டது. உடன் வேலை செய்யும் நர்ஸ் மேரி அக்கா, மலை மிளகைத் தட்டிப்போட்டுக் கசாயம் வைத்துக் கொடுத்தார். இங்கே வயிற்றுக்கு என்ன வந்தாலும் மிளகுதான் மருந்து. எனக்கு அது எரிகிற இடத்தில் இன்னும் எரிந்தது. அவர் மனசு நோகுமே என்று நான்கு நாள் குடித்தேன்.

ஐந்தாம் நாள் காலை மலம் தார் போலக் கறுப்பாய்ப் போனது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு அப்படித்தான் போனது. அவர் எரிகிறது என்று சொன்ன ஒரு வருஷம் முழுக்க, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நான், ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அட்டை அட்டையாய் அசிடிட்டி மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புற்றுநோய் முற்றியிருந்தது. பிறகு மூன்று மாதம்தான் இருந்தார். அந்த மூன்று மாதமும் அவருக்குப் பசிக்கவே இல்லை.

கறுப்பாய்ப் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "வயிறு சரியில்லைங்க" என்று மட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏம்புள்ள, நாமக்கல்லுல ஆயுர்வேத டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். போய்ப் பாக்கலாமா?" என்றார்.

உடனே ஒத்துக்கொண்டேன். நம்பிக்கையினால் அல்ல. அங்கே குழாய் விட்டுப் பார்க்கமாட்டார்கள் என்பதால்.

அந்த டாக்டர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எப்போது எழுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பஸ் சட்டத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பசிச்சுச் சாப்பிட்டு எத்தன நாளாச்சுங்க?"

யோசித்தேன். ஞாபகம் இல்லை.

"வெளிய எப்படிப் போகுது? கறுப்பா ஏதும் போச்சா?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். பொய் சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"அப்படீன்னா இன்னிக்கி நான் ஒரு மருந்தும் தரமாட்டனுங்க. அது ரத்தமா இருக்கும். மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே. பாத்துட்டு வாங்க, அப்புறம் நான் இருக்கேன்" என்றார். எதைத் தவிர்க்க அவரிடம் போனேனோ, அதற்கே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரைப்பையில் புண் இருந்தது. அதன் ஓரத்திலிருந்து பயாப்ஸிக்கு (சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் மரவள்ளிக் காட்டுக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுவே பெரிய பயமாக இருந்தது.

புற்றுநோய் இல்லை. எச். பைலோரி (இரைப்பைச் சுவரில் தங்கிப் புண்ணாக்கும் கிருமி) இருந்தது. வலி மாத்திரை அதை இன்னும் கெடுத்திருந்தது. கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை, புண்ணுக்கு இரண்டு மாதம், பிறகு மறுபடி குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

கிருமிக்கான மாத்திரை முடிந்ததும் ஆயுர்வேத டாக்டரிடம் திரும்பப் போனேன். எனக்கு மந்தாக்கினி (செரிக்கும் சக்தி மங்கிய நிலை) என்றார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, என் ரத்த அழுத்தம் பார்த்தபின் கொஞ்ச நாளைக்கு மட்டும் அதிமதுரப் பொடி கொடுத்தார். மிளகும் புளிப்பும் கூடாது. பாசிப்பருப்புக் கஞ்சி, வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரிச் சாப்பாடு பொழுதோடு, அதுவும் அரை வயிற்றுக்கு. பஸ் ஏற ஒரு மணி நேரம் முன்னால் கஞ்சி குடித்தே ஆகவேண்டும், முன் சீட்டில் உட்காரவேண்டும் என்றார்.

நான் கஞ்சி குடித்துவிட்டு மலை ஏறுகிறேன் என்று தெரிந்ததும் பஸ்ஸே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முதல் வாரம் இரண்டு முறை வாந்தி எடுக்கப் பை தேவைப்பட்டது. மூன்றாம் வாரம் தேவைப்படவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் என்னைப்போல் வயிற்றில் எரிச்சல் இருந்தால், கஞ்சியும் நேரத்துச் சாப்பாடும் கைகொடுக்கலாம். ஆனால் கறுப்பாய்ப் போனால் கசாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வாரம் ஒரு நாள் தடுப்புச் சுவர் இல்லாத மலைச்சரிவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்றாவது வளைவுப் பலகையைத் தாண்டும்போது விலாவுக்குக் கீழே ஏதோ பிடித்தது. வியர்த்துவிட்டது. வந்துவிட்டது, மறுபடி வந்துவிட்டது என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் முகம் வந்து நின்றது.

"ஏனுங்க, என்ன பண்ணுது? மூஞ்சி வெளுத்துப்போச்சே" என்றார் பக்கத்தில் இருந்த மேரி அக்கா.

எரிகிறதா என்று பார்த்தேன். எரியவில்லை. உப்புகிறதா, இல்லை. உள்ளே ஏதோ காலியாக இருந்தது, குடைந்தது, எதையாவது போடு என்று கேட்டது. இது எனக்குத் தெரிந்த ஒன்றுதான். பெயர் சொல்லத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

டப்பாவைத் திறந்தேன். மதியத்துக்கு வைத்திருந்த இட்லி நான்கு இருந்தது.

"மலை ஏறிட்டிருக்கோமுங்க!" என்று பதறினார் மேரி அக்கா.

அடுத்த மாதம் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கவேண்டும். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்னும் தினமும் காலையில் கறுப்பாய்ப் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

"பசிக்குதுங்க்கா" என்றேன். வாயில் இட்லியோடு அழுதுகொண்டே சாப்பிட்டேன்.