கேக்கில் இருந்த ஆறு வயது முகம்

ஜெனீவாவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு காலத்தில் ஹொலிவூட்டின் குழந்தை நட்சத்திரமாக இருந்த அம்மையாருக்கு இன்று தொண்ணூறாவது பிறந்தநாள்.

நம்மவர் வழக்கப்படி, படம் அச்சடித்த கேக் ஒன்றுக்கு நானே சொல்லியிருந்தேன். இணையத்தில் முதலில் வந்த அவருடைய புகைப்படம்தான். ஆறு வயது, முன்பல் இல்லாத சிரிப்பு.

அவர் கேக்கைக் குனிந்து பார்த்தார்.

"எழுபது வயது வரை நடித்தேன். அதில் ஒரு படமும் கிடைக்கவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

என்னோடு வேலை செய்யும் சுகந்தி அக்கா காதருகே வந்து, "அவ நடிச்ச மற்றப் படம் ஒண்டையும் நீர் பார்க்கேல்லையோ?" என்றார்.

"அப்பிடி இருக்கெண்டே தெரியாது, அக்கா."

முகத்தில் கத்தி வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மையாரே வெட்டி, முகம் இருந்த துண்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அவருடைய பெயரைக் கேட்பவர்களுக்கு உள்பெட்டியில் சொல்கிறேன். அவர் வளர்ந்தபின் நடித்த படம் ஏதாவது பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ. நாளைக்கும் அவருக்குத் தேநீர் கொண்டுபோகப் போவது நான்தான்.