இருபத்தைந்து நாள் கூட்டினால் வரும் திகதி

கொம்பியூட்டரை நான் முதன்முதலில் கண்டது வவுனியா ஆஸ்பத்திரியில், வாட்டுக்கு வெளியே இருந்த சின்ன அறையில். என் கணவருக்கு உடம்பில் இரத்தம் ஊறாத வருத்தம். இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். பிந்தினால் மயங்கி விழுந்துவிடுவார். சண்டை நடந்த காலம்; மல்லாவியிலிருந்து பாதை தாண்டி வருவோம். அடுத்த திகதியை அந்த அறையில் வேலைசெய்த பிள்ளைதான் துண்டில் அடித்துத் தருவாள். துண்டில் உள்ள நாளுக்குத்தான் சோதனைச் சாவடி தாண்டப் பாஸ் கிடைக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உள்ளே போகக் கூச்சப்பட்டுக் கதவோரம்தான் நிற்பேன். ஒருநாள் அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. இந்தக் கட்டத்துக்குள்ள இண்டைய திகதி. பக்கத்துக் கட்டத்தில, அதோட இருபத்தைந்தைக் கூட்டு எண்டு அடிச்சுவிட்டால் காணும். மாசம் முப்பதோ முப்பத்தொண்டோ எண்டு அதுவே பார்க்கும்."

அன்று புதன்கிழமை. கூட்டினால் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"ஞாயிறு பாதை பூட்டு, பிள்ளை," என்றார் கதிரையில் இருந்த என் கணவர். "திங்கள், புதன், வெள்ளிதான் ஆக்களை விடுறது. உந்தப் பெட்டிக்கு அது தெரியாதோ?"

"அதுக்குக் கூட்டத்தான் தெரியும், ஐயா."

இருபத்துமூன்று என்று மாற்றி அடித்தாள். வெள்ளி வந்தது. "முந்தி வந்தால் இரத்தம் தரமாட்டினம் ஐயா, தட்டுப்பாடு," என்று அழித்தாள். பிறகு இருபத்தாறு. திங்கள். டொக்டரிடம் போய்க் கேட்டு வந்தாள். ஒரு நாள்தானே, சமாளிக்கட்டாம்.

"அந்த ஒரு நாளுக்கு இவா என்னைத் தூக்கிக்கொண்டு திரியட்டும்," என்று என்னைக் காட்டிச் சிரித்தார் இவர். அந்தப் பிள்ளையும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமையே அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு வெளிறிப் போயிற்று. திங்கள் விடியமுன் டிராக்டர் பெட்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். சோதனைச் சாவடி வரிசை அசையவேயில்லை. முன்னுக்கு வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானம் ஒருவர் வந்து, இன்று பாதை திறக்காது என்றார்.

"அப்ப எப்ப திறப்பினம்?" என்று கேட்டேன்.

"தெரியாதம்மா. வீட்ட போங்கோ."

டிராக்டர் திரும்பும்போது இவர் கண்ணைத் திறந்தார்.

"இஞ்சேரும், துண்டில திங்கள் எண்டுதானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப புதனுக்கு வேற துண்டெல்லோ வேணும்."

வெயில் படாமல் அவர் முகத்துக்குத் துவாயைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

புதன்கிழமை பாதை திறந்ததாம். செத்தவீட்டுக்கு வந்த சனம் சொன்னது.