படையலுக்கு முன் ஒரு துண்டு வெல்லம்

எங்கள் குடும்பத்துக்குத் துணைநிற்கும் அங்காளம்மனை வணங்கி, அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைந்த இந்நாளில் இதை எழுதுகிறேன்.

கோட்டைக்குப்பத்தில், நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. பதினான்கு வயதில் உடம்பு வற்றி, குடம் குடமாகத் தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டார். கணையத்தில் ஊறவேண்டிய இன்சுலின் ஊறவில்லை, ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் டாக்டர். இது பிழைக்குமா, கட்டிக்கொடுக்க முடியுமா என்று பேசியவர்கள் உண்டு. அக்கா தன் ஊசியைத் தானே போடக் கற்று, கல்யாணமும் ஆகி, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். ஐஸ் பட்டு உறைந்தால் அந்த மருந்து கெட்டுவிடும். பிடித்த மீன் கெடாமலிருக்க ஐஸை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஊரில் அக்காவின் மருந்துச் சீசா மட்டும் ஈரமணல் பானையில் இருந்தது.

என் மகன் காய்ச்சலில் பிழைத்ததற்காக ஓர் ஆடி வெள்ளியில் அக்கா விரதம் இருந்தார். ஊசி நோய்க்கு, விரதம் சாமிக்கு என்றுதான் இருவரும் நினைத்தோம். வழக்கம்போல் ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு என்னுடன் ஏரியில் இறங்கினார். கையால் இறால் தடவும்போது பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியிருப்போம். அக்காவின் பறி தனியாக மிதந்து போவதைப் பார்த்தேன். அவர் வாயிலிருந்து அது நழுவி நான் கண்டதே இல்லை. திரும்பினால், கண் சொருகித் தள்ளாடுகிறார்.

கரைக்கு இழுத்து வந்தேன். கையில் இருந்தது படையலுக்கு முடிந்துவைத்த வெல்லம்தான். உடைத்துக் கன்னத்துக்குள் தேய்த்தேன்.

“வாணாண்டி, ஆத்தாவுக்கு வச்சது.”

“ஆத்தா கிட்ட நான் பேசிக்கிறேன். நீ முழுங்குக்கா.”

டச்சுக் கல்லறைத் தெருவில் குடியிருந்த நர்சம்மா ஓடிவந்தார். “ஊசி உள்ள போச்சுன்னா சோத்தைத் தேடும்மா. சோறு இல்லன்னா ரத்தத்துல இருக்கற சக்கரையையும் எறக்கிடும்” என்று எங்கள் இருவரையும் திட்டினார்.

அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வந்து, “ஆத்தா கோச்சிக்கல. கோச்சிருந்தா பறியை உன் கண்ணுல காட்டியிருப்பாளா?” என்றார். அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் சாப்பிட்டுவிட்டுத்தான் கூழ் ஊற்றினார்.

கடைசியில் சிறுநீரகம் தளர்ந்து, அறுபத்திரண்டு வயதில் அமைதியாகக் கண்மூடினார். அத்தனை வருஷம் அவரை எங்களுக்கு விட்டுவைத்த அம்மனுக்கும், நர்சம்மாவுக்கும், கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், பெயர் தெரியாவிட்டாலும் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்று ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கும் உறவுகளுக்கு முதல் பந்தி. படைக்கும் முன்பே சாப்பிடுவதா என்று தயங்கவேண்டாம். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.