பாடுகிற வாய் தின்னாது

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். எங்கள் காலனியில் யாருக்கும் சொந்த நிலம் இருந்ததில்லை. அந்த வருஷம்தான் சர்க்கார் மலையடியில் வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் என்று பட்டா கொடுத்தது. ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் என் ஓரகத்தியும், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டியும், கல் பொறுக்கினோம், முள் வெட்டினோம். நிலம் தயார். விதை இல்லை.

எனக்கு இருந்த ஒரே வழி, நிலம் நிறைய வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர் காட்டில் வேர்க்கடலை ஆய்கிற வேலை. பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காயைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். பத்துக் கூடைக்கு ஒரு கூடை கூலி. அந்தக் காயைத் தொடாமல் மூட்டை கட்டி வைத்தால் ஆடியில் விதைக்கலாம். அதைத்தான் நம்பியிருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் பார்த்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். சேவை செய்ய வந்தார்களாம். சர்ச் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு அதற்கு வெள்ளை அடித்தார்கள். பிறகு சர்ச்சுக்கு அடித்தார்கள். அடிக்கச் சுவர் தீர்ந்துபோனது. பெரிய வீட்டுக்காரர் அதைக் கவனித்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டி வந்த சித்தூர்க்காரரிடம் போய், ஆள் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டது, என் பயிர் அழுகப்போகிறது என்று முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் நாங்கள் கூடையோடு போனோம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வேலை இல்லமே" என்றார் பெரிய வீட்டுக்காரர். "இவங்க பண்றாங்க. சும்மா."

"சும்மாவா நைனா?" என்றாள் ஓரகத்தி. பெரியவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "கஞ்சி கூட வேணாமா?"

"அதையும் அவங்களே கொண்ணாந்துக்கிறாங்க." பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பி நடந்தேன். ஓரகத்தி கையைப் பிடித்தாள்.

"எங்க போற? தப்புக் கடல பொறுக்கலாம் வா."

மண்ணில் தப்பிய காயைக் கிளறி எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவள் மற்ற இடத்தை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகள் பக்கமாகவே கிளறிக்கொண்டு போனாள். எதற்கென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"பாத்தியாடி?" என்றாள். "ஒண்ணு கூட வாயில போடல. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சிகினு எந்த ஊருடி உருப்படும்?"

வரிசைக் கடைசியில் ஒரு பெண். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. ஓரகத்தி அவள் கூடையிலிருந்தே ஒரு காயை எடுத்து உடைத்துப் பருப்பை நீட்டினாள். அந்தப் பெண் பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தாள். விருந்தாளி முன்னால் அவர் என்ன செய்வார்? "துன்னும்மா, துன்னு" என்று பல்லைக் காட்டினார்.

தின்றாள். அடுத்தவனுக்கும் கொடுத்தாள். வரிசை முழுக்க உடைக்கிற சத்தம் கேட்டது.

பெரிய வீட்டுக்காரருக்கு இதற்கெல்லாம் ஒரு வைத்தியம் உண்டு. எங்களிடம் வருஷா வருஷம் செய்வது. பாட்டு பாடச் சொல்வார். பாடுகிற வாய் தின்னாது அல்லவா? சித்தூர்க்காரரிடம், "பிள்ளைங்கள பாடச் சொல்லுங்க, கேக்க ஆசையா கீது" என்றார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் சேர்ந்து உரக்கப் பாடினார்கள். உடைக்கிற சத்தம் நின்றுபோனது. அவர் நிம்மதியாக நிழலுக்குப் போனார்.

அந்த வைத்தியத்துக்கு எங்களிடம் மாற்று மருந்து உண்டு. ஓரகத்தி எழுந்து போய் வரிசையை நடுவில் கையால் வெட்டிக் காட்டினாள். இந்தப் பக்கம் பாடணும், அந்தப் பக்கம் துன்னணும். அப்புறம் அந்தப் பக்கம் பாடணும். வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இது எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நினைத்து மரியாதையாகக் கற்றுக்கொண்டார்கள். பாட்டு நிற்கவே இல்லை. நிழலில் பெரிய வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வந்து பார்த்தார். தோல் குவியல் பெரிசாக இருந்தது. காய்க் குவியல் சின்னதாக இருந்தது.

பச்சைக் கடலை தின்றால் மேலே ஒரு துண்டு வெல்லம் கடிக்க வேண்டும். அதை ஓரகத்தி கற்றுக்கொடுக்கவில்லை. மறுநாள் பாதிப் பேர் சொம்பும் கையுமாக அலைந்தார்கள். வெல்லத்தை எடுத்துக்கொண்டு அவளே ஓடினாள். வானம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. செடியோடு நனைந்தால் காய் முளைத்துவிடும்.

பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கே வந்தார்.

"ஏமே, வாங்கமே. மழ வருது."

"சேவைக்குத்தான் ஆள் கீதே நைனா."

"சேவை பேதி ஆயிட்ச்சி. நீ வா."

"எட்டுக்கு ஒண்ணு" என்றாள்.

"அட தேவுடா! காலங்காலமா பத்துக்கு ஒண்ணு."

ஓரகத்தி வானத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எட்டுக்கு ஒன்று ஆயிற்று.

மழைக்கு முன்னால் ஆய்ந்து முடித்தோம். எழுந்து நடக்க முடிந்த பிள்ளைகளும் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். கூலி அளக்கும்போது அந்தச் சிவந்த முகப் பெண்ணையும் ஓரகத்தி வரிசையில் தள்ளிவிட்டாள். "கூலி" என்றாள் அந்தப் பெண், மடியை ஏந்தி. பெரிய வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அளந்து போட்டார்.

அவளுக்கு அது எதற்கு, எனக்குத்தான் கொடுப்பாள் என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் துணிப்பையில் கட்டி, தன் அம்மாவுக்கு என்று ஜாடை காட்டிக் கொண்டுபோய்விட்டாள். அவள் உழைத்த கூலி. என்ன சொல்ல முடியும்?

என் பங்கே விதைக்குப் போதுமானதாக இருந்தது. பரண்மேல் போட்டேன். ஆடியில் விதைத்தேன்.

அடுத்த கார்த்திகையில் என் காட்டில் முதல் விளைச்சல். காய் ஆய ஓரகத்தியும் தெருப் பெண்களும் வந்தார்கள். நான் நின்று பார்த்தேன். ஓரகத்தி ஒரு காய் கூடையில் போட்டாள், ஒரு காய் உடைத்து வாயில் போட்டாள். ஒரு காய் கூடையில், ஒரு காய் வாயில். எனக்குத் தாங்கவில்லை.

"யக்கா, ஒரு பாட்டு பாடேன், கேக்கலாம்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினாள்.

"பாடறோம் நைனா" என்றாள்.

அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்தது. இந்தப் பக்கம் தின்றது.