மந்திரவாதிக்குப் பாயசம் இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாயின் மகன். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்" என்றான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இவர் என்னை மன்னிக்காமலே போய்விட்டாரே' என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டு வந்தது. அதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் நடத்திய சிறுவர் மாத இதழைப் படித்தவர்களுக்குக் கொட்டாவி மந்திரவாதியைத் தெரிந்திருக்கும். அவன் வாயைத் திறந்தால் ஊரே கொட்டாவி விட்டுத் தூங்கிப்போகும். அவன் கோழியையும் தலையாரியின் மீசையையும் திருடிக்கொண்டு ஓடுவான். கதை என்னுடையது, படம் பாயுடையது. படக்கதையின் கடைசிக் கட்டத்தைத்தான் பாய் எப்போதும் முதலில் வரைவார். அதில் பிடிபட்ட மந்திரவாதி ஊர்ப் பந்தியின் கடைசி இலையில் அசடு வழிய உட்கார்ந்திருப்பான். "பசியோட எவனையும் கதைக்கு வெளியே அனுப்பக் கூடாது வே" என்பார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்த மனிதர். மதிய இடைவேளையில் தன் சோற்றை மறந்துவிட்டு அடுத்தவன் இலையை வரைந்துகொண்டிருப்பார்.

ஒரு மாதம் மந்திரவாதி ஒரு தாயை ஒரு வருடம் தூங்க வைத்துவிட்டான். வழக்கம்போலப் பிடிபட்டான், வழக்கம்போலப் பந்தியில் உட்கார்ந்தான். ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி கடிதம் போட்டாள். 'பாப்பா முதல் முதலாக நடந்ததை அந்த அம்மா பார்க்கவே இல்லை. மந்திரவாதிக்கு மட்டும் பாயசமா?'

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கதையில் அவனைக் கல்லாக்கிவிடலாம் என்றேன். பாய் தலையாட்டவில்லை. "கல்லாக்கினா அவன் தப்பிச்சிருவான் வே. கல்லுக்கு வெக்கம் வருமா?"

"சிரிப்புக் கதைன்னா தப்புக்குக் கூலியே கிடையாதா, பாய்?"

"கூலி உண்டு. என்னன்னுதான் யோசிக்கேன். பைய வரட்டும்."

எனக்குப் பொறுமை ஏது? இதழ் அச்சுக்குப் போகிற அவசரம் வேறு. பாய் வரைந்து தந்த கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டு, வேறொருவரை வைத்துக் கல்லான மந்திரவாதியை வரையச் செய்து ஒட்டினேன். கீழே மைதீன் பாயின் கையெழுத்து அப்படியே இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதழ் தபாலில் போய்த்தான் அவருக்கே தெரிந்தது.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கத்துவார் என்று நினைத்தேன். "உள்ள வாரும்" என்று டீ வரவழைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், "பாய், மன்னிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. டீ ஆறுது, குடியும்."

அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அவரே மந்திரவாதியைக் கல்லிலிருந்து வெளியே கொண்டுவந்தார். பந்தி நடக்கிறது. அந்தத் தாய் பாயச வாளியோடு வருகிறாள். எல்லா இலைக்கும் ஊற்றுகிறாள், மந்திரவாதி இலையைத் தாண்டிப் போய்விடுகிறாள். அவன் முகத்தைப் பாய் வரைந்திருந்த விதத்தை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடியாது. "சோறு ஊர் போடுறது. பாயசம் அவ இஷ்டம்" என்றார். ராதாபுரத்துச் சிறுமி மறுபடி எழுதினாள், 'அந்த அம்மா எப்போது பாயசம் ஊற்றுவாள்?' பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீரா வே, இப்ப அந்தப் புள்ளையே கேக்குது!"

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தோம். பெருநாளைக்குப் பிரியாணி வரும். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து உட்கார்ந்திருப்பார். இடையிடையே விளையாட்டாகக் கேட்பேன், "இப்பவாவது மன்னிச்சீங்களா?" பேச்சை மாற்றிவிடுவார். கோபமில்லை, நட்பில் ஒரு குறையுமில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் தரவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் ஓரமாக நின்றேன். தொழுகைக்கு முன் அவர் மகன் உடல் இருந்த சந்தூக்கின் பக்கத்தில் நின்று, அவர்கள் வழக்கப்படி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "எங்க வாப்பா சொல்லாலயோ செயலாலயோ உங்க யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." மன்னித்தோம், மன்னித்தோம் என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. கேட்க வேண்டியவன் நான். கேட்டதோ அவர் வீடு. அப்போதுதான் அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொல்லாத அந்தச் சொல்தான். அதற்காகக் காத்திருந்த ஒன்பது வருடத்தில், யார் வரைந்த கோட்டையும் கேட்காமல் நான் தொட்டதில்லை. இனியும் தொடமாட்டேன், பாய்.